பார்வையற்றோரும் தமிழெழுத்தும்

1. முன்னுரை

திருவண்ணாமலை ஒளியையே இறைவடிவாகக் கொண்டு போற்றும் ஊர். ஐம்பூதத் தலங்களுள் இது தீயின் தலம். கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்படும் விளக்கைக் காணத் தமிழகத்தின் பல பகுதிகளினின்றும் மக்கள் வந்து கூடுவர். அக்கூட்டத்துள் கண்ணொளி இல்லாதாரும் உளர். கிருட்டிணதேவராயர் தொடங்கிச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முற்றுப்பெற்ற 217 அடி உயரக் கீழைக்கோபுரத்தின் பெருமையை அவர்கள் பிறர் சொல்லக் கேட்டு அறிவர். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் வழியைத் தம் காலாலேயே அளந்து அறிவர். ஆனால் அக்கோயிற் சுவர்களில் சோழர் முதலாகப் பல மரபினர் பொறித்து வைத்த கல்வெட்டுக்களை அவர்கள் எங்ஙனம் அறிவர்? ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயிலும் பார்வையற்ற மாணவர் அவற்றைத் தாமே படித்து ஆராய விரும்பினால் அவருக்கு உள்ள வழி யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

இவ்வினாவை இரக்கம் பற்றிய வினாவாகக் கொள்ளுதல் பொருந்தாது. இது எழுத்தைப் பற்றிய வினா. எழுத்து என்பது யாது, அது கண்ணுக்கு மட்டுமே உரியதோ, ஏனைய புலன்களுக்கும் உரியதோ என்பதை ஆராய்ந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. தமிழ் இலக்கணிகள் எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இருவகை வடிவு கூறினர். இரண்டனுள் ஒலிவடிவையே முதன்மையாகக் கொண்டனர். அப்பாகுபாடு பார்வையற்றோர் கல்வி வரலாற்றை விளக்குதற்கும், இக்காலக் கணிப்பொறியில் தமிழ் அவர்க்கு எட்டியதும் எட்டாததும் ஏன் என்பதை உணர்தற்கும் பெரிதும் துணைசெய்யும் என்பது நம் கருத்து.

2. செவிவழிக் கல்வி

திருவண்ணாமலையில் வழங்கும் அருணகிரிநாதர் வரலாற்றில் கண்ணிழப்பைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. முருகன் தூணில் தோன்றிய பேரொளியால் பிரபுடதேவராயன் பார்வை இழந்தான் என்பதும், அதனைப் போக்கும் பாரிசாத மலரைக் கொணர்தற்காக அருணகிரியார் தம் உடலை நீத்துக் கிளியுடல் புகுந்தார் என்பதும், மீண்டு வருமுன் அவருடல் எரியூட்டப்பட்டமையால் கிளியாகவே நின்றார் என்பதும் அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. கோயிலின் கிளிக்கோபுரம் அதனை நினைவூட்டி நிற்கிறது. இது வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. எனினும் அக்கால எண்ணத்தைக் காட்டுவது. கண்ணிழந்தார்க்குச் செய்யத்தக்க உதவி கண்ணை மீட்டுத் தருதலே என்று இக்கதை கொள்கிறது. கண்ணின்றியே அவர் உலகினை அறிதற்கு வழிகோலலாம் என்னும் எண்ணத்தை நாம் புலவர் வரலாறுகளில் காண்கிறோம்.

நடுநாட்டுத் திருவாமாத்தூர்க்குக் கலம்பகம் பாடிய இரட்டையரை அறியாதார் இலர். அவருள் ஒருவர் நடக்கவியலாதவர், மற்றவர் பார்வையற்றவர். பார்வையற்றவர் தோளில் நடக்கவியலாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்றனர் என்றும், ஒருவர் பாட்டின் முற்பகுதியைப் பாட மற்றவர் பிற்பகுதியைப் பாடி முடித்தனர் என்றும் கூறுவர். 17ஆம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர்க் கலம்பகமும் இயற்றியவர். 19ஆம் நூற்றாண்டில் பழனியில் தோன்றிய மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே அம்மை நோயால் பார்வை இழந்தும் சேதுபதியின் அவையில் புகழ்பெற்று விளங்கினார்.

இவர்கள் கல்வி பெற்ற வகையை நோக்குதல் வேண்டும். ஏட்டுக் காலத்தில் கண்ணுடையார் கல்வியும் பெரும்பாலும் செவிவழியாகவே நிகழ்ந்தது. ஆசிரியர் பாடஞ்சொல்ல மாணவர் கேட்டு மனப்பாடம் செய்தனர். ஏடு நினைவுக்குத் துணையாக மட்டுமே நின்றது. ஆதலின் ஒருமுறை கேட்டதை உள்ளத்திற் கொள்ளும் ஆற்றல் படைத்த பார்வையற்றவர் ஏனையோரோடு ஒருங்கு கற்பதற்குப் பெருந்தடை இல்லை. அச்சுப்புத்தகம் பெருகி, கல்வி என்பது தனித்திருந்து கண்ணாற் படித்தல் என்றாகிய பின்னரே அவர் பின்தள்ளப்பட்டார். கல்வி பரவுதற்குக் காரணமாய அச்சே ஒருசாராரைக் கல்வியினின்றும் விலக்கிற்று என்பது இவ்வரலாறு உணர்த்தும் முதற்செய்தி.

அந்தகக்கவி எழுத்தறிந்த முறை தனியே குறிக்கத்தக்கது. அவர் முதுகின்மேல் எழுத்துக்களின் வடிவை விரலால் எழுதிக் காட்ட, அவற்றை உணர்ந்து அறிந்தார் என்பது மரபு. இங்குக் கண்ணுக்குரிய வரிவடிவே தோலுக்கு மாற்றித் தரப்பட்டது. அது பயன்பட்டது, ஆயினும் எழுதிக் காட்ட ஒருவர் என்றும் உடனிருத்தல் வேண்டும். செவிவழிக் கல்விக்கும் இக்குறை உண்டு. படிப்பவர் இல்லாதபோது நூலும் இல்லை. படிப்பவர் விரும்பாத நூலைக் கேட்டறிதலும் இயலாது. பிறர் துணையின்றித் தாமே படித்தல் என்னும் உரிமை இப்புலவர் பெருமக்களுக்கும் வாய்க்கவில்லை.

3. விரல்வழிக் கல்வி

ஐரோப்பாவிலும் முதலில் கையாண்ட முறை இதனையே ஒத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரில் பார்வையற்றோர் பள்ளி கண்ட வாலண்டைன் ஆவி என்பார், உரோமன் எழுத்துக்களையே தாளில் மேடாகப் புடைக்கச் செய்து மாணவர் விரலால் தடவிப் படிக்கச் செய்தார். கண்ணுக்கு எளிதான வளைவுகள் விரலுக்கு எளிதாகவில்லை. படிப்பு மிக மெதுவாக நடந்தது. அப்பள்ளியின் மாணவரும், சிறு வயதிலேயே பார்வை இழந்தவருமான லூயி பிரெயில் 1824ஆம் ஆண்டளவில் வேறொரு வழி கண்டார். ஆறு புள்ளிகள் அடங்கிய ஒரு கட்டத்துள் புள்ளிகளைப் பலவாறு எழுப்பி 63 குறிகளை ஆக்கி, ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு குறியை வகுத்தார். 1829இல் அம்முறையை நூலாக வெளியிட்டார்.

பிரெயிலின் சிறப்பு புள்ளிகளில் இல்லை. எழுத்தின் வரிவடிவை முற்றும் கைவிட்டு, எழுத்தை மட்டும் கைக்கொண்டதில் உள்ளது. அகரத்தின் கண்வடிவம் வேறு, விரல்வடிவம் வேறு, இரண்டும் அகரமே. எழுத்தாவது ஒலி என்றும், வரிவடிவு அதற்கு ஓர் அடையாளம் என்றும் கொண்ட நம் இலக்கணிகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

தமிழகத்தில் இக்கல்வி பாளையங்கோட்டையில் வேரூன்றியது. 1890ஆம் ஆண்டளவில் ஆஸ்க்வித் அம்மையார் அங்குப் பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். பஞ்சாபின் அமிர்தசரசில் 1887இல் தோன்றிய பள்ளியை அடுத்து இந்நாட்டில் எழுந்த பழம்பள்ளிகளுள் ஒன்று அது. செவிப்புலன் அற்றோர்க்குரிய பள்ளியும் அதே நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையாரால் அவ்வூரில் அமைக்கப்பெற்றது.

அக்காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பல்வேறு பிரெயில் முறைகள் வழங்கின. பள்ளிக்கொரு முறையும் மொழிக்கொரு முறையுமாக அவை முரணி நின்றமையால், ஓரிடத்து அச்சிட்ட நூல் பிறிதோரிடத்துப் பயன்படவில்லை. 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோ நிறுவனத்தின் முன் வைத்தது. முதல் உலகப்போரில் பார்வை இழந்தவரும், டேராடூனில் பார்வையிழந்த போர்வீரர்க்கான நிலையத்தை நடத்திய பட்டறிவு உடையவருமான நியூசிலாந்து நாட்டுச் சர் குளுதா மெக்கன்சி இதற்கு அறிவுரையாளராக அமர்ந்தார். 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூத்திலும் கூடிய மாநாடுகளின் பயனாக இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் உருப்பெற்றது.

அம்முறையின் அடிப்படை ஒலியொப்புமையே. தமிழ்க் ககரத்திற்கும் இந்திக் ககரத்திற்கும் வங்கக் ககரத்திற்கும் புள்ளிக்குறி ஒன்றே. உயிர்மெய்யை எழுதும் முறையும் கருதத்தக்கது. 'கொ' என்பதைத் தாளில் எழுதுங்கால் ஒற்றைக்கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னுமாக நிற்கும். பிரெயிலிலோ முதலில் ககரக்குறியும் அடுத்து ஒகரக்குறியும் நிற்கும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் கூறிய ஒலிமுறை அவ்வாறே விரலின்கீழ் அமைந்துவிடுகிறது. வரிவடிவில் மறைந்து கிடக்கும் ஒலிமுறையைப் பார்வையற்ற சிறுவன் முதல் வகுப்பிலேயே தொட்டறிகிறான்.

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. பிரெயில் நூல் தடித்த தாளில் அமைதல் வேண்டும். ஒரு சிறு நூலும் பல தொகுதிகளாக விரியும். அச்சிடும் நிலையங்கள் மிகச் சில. அவை பாடநூல்களை அச்சிடுவதே அரிதாயிருக்க, ஆராய்ச்சி நூல்களும் கல்வெட்டுத் தொகுதிகளும் அவ்வடிவில் வருதல் கனவே ஆயிற்று. பார்வையற்றவர் தமிழில் உயர்கல்வி பெறலாம். ஆயினும் அக்கல்விக்குரிய நூல்களுள் மிகச் சிலவே அவர் விரலுக்கு எட்டின.

4. கணிப்பொறியில் எழுத்தும் வடிவமும்

இந்நிலையை மாற்றவல்ல கருவியாகக் கணிப்பொறி தோன்றிற்று. அச்சிட்ட தாளில் எழுத்து மையாக உறைந்து நிற்கிறது. கணிப்பொறியிலோ எழுத்து ஓர் எண்ணாகவே இருக்கிறது. அவ்வெண்ணைத் திரையில் வரிவடிவாகக் காட்டலாம், குரலாக ஒலிக்கலாம், புள்ளிகள் தாமே எழுந்து தாழும் சிறு கருவியின் வாயிலாகப் பிரெயிலாகவும் தரலாம். கண், செவி, விரல் என்னும் மூன்றற்கும் எழுத்து முதன்முறையாக ஒரே இடத்தினின்று புறப்படுகிறது. அச்சுப்பக்கத்தை உணர்ந்து உரக்கப் படிக்கும் பொறியை இரே குர்சுவைல் 1976இல் அமெரிக்காவில் வெளியிட்டார். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் 1980களில் எழுந்தன.

ஆனால் தமிழ் இப்பயனை உடனே பெறவில்லை. அதற்குக் காரணம் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றிய முறை. 1980களிலும் 1990களிலும் நம்மவர் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியபோது, ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். கணிப்பொறி தன்னுள் ஆங்கில எழுத்தையே வைத்திருந்தது. திரையில் மட்டும் தமிழ் வடிவம் தோன்றிற்று. கண்ணுடையார்க்கு அது தமிழ்; படித்துக் காட்டும் குரலுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். மேலும் எழுத்துருவுக்கு எழுத்துரு இவ்வெண்முறை வேறுபட்டது. பிரெயில் 1951க்கு முன் கண்ட குழப்பத்தைத் தமிழ்க் கணிப்பொறி 40 ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டது.

இதனைத் தீர்த்தற்குத் திஸ்கி முதலிய பொதுக் குறிமுறைகள் எழுந்தன. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தாப், தாம் என்னும் குறிமுறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை குழப்பத்தைக் குறைத்தன; ஆயினும் வரிவடிவையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. 'கொடை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். திஸ்கி போன்ற வரிவடிவக் குறிமுறையில் அது ஒற்றைக்கொம்பு, ககரம், கால், ஐகாரக்குறி, டகரம் என்னும் வரிசையில் நிற்கும். ஒலிமுறையிலோ ககரம், ஒகரக்குறி, டகரம், ஐகாரக்குறி என நிற்றல் வேண்டும். முன்னதைப் படிக்கும் குரல் ஒலியை அறியுமுன் வடிவங்களைப் பொறுக்கி மீளவும் அடுக்கவேண்டும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இந்தியப் பொதுக்குறிமுறையைத் தழுவிய அமைப்பாதலின் அது ஒலிமுறையையே கைக்கொண்டது. விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஏற்றபின் அது மெல்லப் பரவிற்று. ஒருங்குறி அகரமேறிய மெய்யை முதலாகவும் புள்ளிபெற்ற மெய்யை அதன் வழியதாகவும் கொண்டது தமிழ் இலக்கண மரபுக்கு மாறானது என்று அறிஞர் சிலர் தடை எழுப்பினர். அத்தடையில் உண்மை உண்டு. அனைத்து எழுத்துருக் குறியீடு என்னும் 16 பிட்டு முறையையும் ஒருங்குறியையும் 2010இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது அவ்வாராய்ச்சியின் விளைவே. எனினும் பார்வையற்றோர் நோக்கில் உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று: உலகெங்கும் ஒரே எண்ணாய் நின்று, ஒலியின் வரிசையில் சேமிக்கப்படும் தமிழே குரலுக்கும் புள்ளிக்கும் மாறவல்ல தமிழ். பிரெயில் விரலுக்குச் செய்ததை இக்குறிமுறை கணிப்பொறிக்குச் செய்தது.

5. தமிழைப் படிக்கும் குரல்

எழுத்து உரியவாறு அமைந்தபின் குரல் வேண்டும். ஆத்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைப்பது. எவரும் திருத்தி வளர்க்கத்தக்கது. அதனோடு இயங்கும் ஈஸ்பீக் என்னும் குரல்பொறி தமிழையும் ஒலிக்கும். இவற்றின் வரவால் பொருள்வளம் இல்லாத மாணவரும் தமிழ்ப்பக்கத்தைக் கேட்டல் கூடிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஏமா மூர்த்தியும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருட்டிணனும் தத்தம் குழுவினரோடு இயற்கைக்கு அணுகிய தமிழ்க்குரல் ஆக்கும் பணியில் ஈடுபட்டனர்.

இப்பணி பொறியியலாரது மட்டுமன்று. தமிழ் இலக்கணம் அறிந்தாரது துணையையும் வேண்டி நிற்பது. 'பகல்', 'பங்கு', 'பக்கம்' என்னும் சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றே. எழுத்து நிற்கும் இடமே ஒலியை வரையறுக்கிறது. இவ்விதியை உணர்ந்தாலன்றிக் குரல்பொறி தமிழைப் பிறழ ஒலிக்கும். குற்றியலுகரத்தின் மாத்திரைக் குறுக்கமும் அத்தன்மையதே. 'காந்தி' போன்ற பிறமொழிப் பெயர்கள் இவ்விதிக்கு அடங்கா. அவற்றுக்குத் தனிப்பட்டியல் வேண்டும்.

செய்யுளைப் படிக்குங்கால் மற்றொரு சிக்கல் தோன்றும். பழைய நூல்கள் சீர்பிரித்து அச்சிடப்பட்டுள்ளன. ஒரு சொல்லின் முற்பகுதி ஒரு சீரிலும் பிற்பகுதி அடுத்த சீரிலும் நிற்றல் உண்டு. கண்ணால் நோக்குவார் அவ்விடைவெளியைக் கடந்து சொல்லை உணர்வர். குரல்பொறி சீரையே சொல்லாகக் கொண்டு நிறுத்திப் படிக்கும். கேட்பவர்க்குப் பொருள் சிதறும். சீர்பிரித்த பாடத்தோடு சொற்பிரித்த பாடத்தையும் தருதல் இதற்குத் தீர்வு. அது பதிப்பாசிரியர் செய்யத்தக்க பணி. கணிப்பொறியாளர் தாமே செய்ய இயலாதது.

6. படமாய் நின்ற நூல்கள்

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னும் நாம் முன்னுரையில் எழுப்பிய வினா முற்றும் தீர்ந்திலது. தமிழ்நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றும் முயற்சி இருவகையாக நிகழ்ந்துள்ளது. ஒருவகை, நூலைச் சொற்சொல்லாகத் தட்டெழுதி எழுத்தாகவே வைத்தல். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்து வாழ் தமிழறிஞர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத்திட்டம் இவ்வகையது. முதலில் திஸ்கியில் அமைந்த நூல்களை அவர்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினர். அந்நூல்களைப் பார்வையற்றவர் இன்றே கேட்கலாம், சொல்லைத் தேடலாம், பிரெயிலாக மாற்றலாம். பார்வையற்றோரை எண்ணித் தொடங்காத முயற்சியும், எழுத்தை எழுத்தாக மதித்தமையால் அவர்க்குப் பெருநன்மை ஆயிற்று.

மற்றொரு வகை, அச்சுப்பக்கத்தைப் படம் பிடித்து வைத்தல். அழிந்துவரும் நூல்களைக் காத்தற்கு இதுவே விரைந்த வழி. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் முதலிய நிறுவனங்களின் மின்னூலகங்களில் அரிய பழம்பதிப்புக்கள் பல இவ்வாறே காக்கப்பட்டுள்ளன. ஆயின் திரைபடிப்பானுக்கு அப்பக்கம் வெறும் படம், அது ஒலியாது. பார்வைக் குறைவுடையார் அதனைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். அச்செழுத்தை உணர்ந்து ஒருங்குறியாக மாற்றும் எழுத்துணரிகள் இதற்குத் தீர்வாக வந்துள்ளன. பெங்களூர்க் குழுவினர் தமிழுக்கு அத்தகைய ஒன்றை ஆக்கினர். ஆயினும் பழைய அச்சில் பிழை மிகும்; தமிழறிந்தார் ஒருவர் ஒப்புநோக்கித் திருத்துதல் இன்றியமையாதது.

நம் துறைகளின் ஆய்வேடுகளும் இக்குறைக்கு உட்பட்டவை. பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் ஆய்வேடுகள் மின்வடிவில் பொதுக்களஞ்சியத்துள் சேர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் தமிழ் ஆய்வேடுகள் பல, பக்கப் படமாகவோ பழைய எழுத்துருவிலோ உள்ளன. எழுதுங்கால் கணிப்பொறியில் எழுத்தாக இருந்ததை அச்சிட்டு, மீண்டும் படம் பிடித்துச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. எழுத்தாய் இருந்ததைப் படமாக்கிப் பின் படத்தை எழுத்தாக்க முயலுதல் வீண் உழைப்பு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இனித் திருவண்ணாமலைக் கல்வெட்டுக்கு வருவோம். கல்லில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படிக்கலாகாதோ எனச் சிலர் கருதக்கூடும். ஆவியின் புடைப்பெழுத்து ஏன் பயன்படவில்லையோ அக்காரணத்தாலேயே இதுவும் பயன்படாது. சுவரின் உயரமும் கல்லின் தேய்வும் அதற்கு மேலும் தடை. மற்றொன்றையும் நாம் எண்ணுதல் வேண்டும். கண்ணுடைய நம்முள்ளும் எத்துணையர் அக்கல்வெட்டைச் சுவரில் நேரே படிக்கவல்லார்? எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறியுள்ளது. மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா. இடையிடையே கிரந்தம் விரவும். படியெடுத்து, எழுத்துக்கூட்டி, புள்ளியிட்டு, இக்கால எழுத்தில் அச்சிட்டார் ஒருவர் இருந்தமையாலேயே நாம் அதனைப் படிக்கிறோம். இக்கோயிற் கல்வெட்டுக்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பி. ஆர். சீனிவாசன் பதிப்பாக 1990இல் வெளியிட்டது அத்தகைய பணியே. அப்பதிப்பு இல்லாதபோது அச்சுவரின் முன் நாமும் பார்வையற்றாரும் ஏறக்குறைய ஒரு நிலையினரே.

இதனான் அறியலாவது யாது? எழுத்தை ஒரு வடிவினின்றும் மற்றொரு வடிவிற்கு மாற்றித் தருதல் பார்வையற்றார்க்கென்று தனியே செய்யும் சலுகை அன்று. அது புலமையின் இயல்பான தொழில். கல்லினின்றும் ஏட்டினின்றும் அச்சுக்கு மாற்றினார் கண்ணுடையார்க்கு வழி செய்தனர். அச்சினின்றும் ஒருங்குறிக்கு மாற்றுவார் எல்லார்க்கும் வழி செய்வர். முன்னதைப் பதிப்புப்பணி எனப் போற்றும் நாம், பின்னதை உதவி எனத் தாழ்த்துதல் முறையன்று.

7. சட்டமும் உரிமையும்

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 இலட்சம் பேர். அவருள் பார்வைக் குறைபாடுடையார் 1.27 இலட்சம் பேர். இவர்தம் உரிமையைப் பேணும் சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், தகவல் தொழில்நுட்பமும் மின்னணு வெளியீடுகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்கொள்ளும் வடிவில் இருத்தலை அரசின் கடமையாகத் தன் 42ஆம் பிரிவில் விதித்தது. வலைத்தளங்களை எல்லாரும் பயன்கொள்ளத்தக்கவாறு அமைத்தற்குரிய உலகப் பொதுநெறிகள் 1999இலேயே வகுக்கப்பட்டன. இந்திய அரசு தன் தளங்களுக்குரிய நெறிகளை 2009இல் வெளியிட்டது.

நூல்களை மாற்றுவடிவில் தருதற்குப் பதிப்புரிமை ஒரு தடையாய் இருந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டமையால், மாற்றுத்திறனாளிகள் பொருட்டு ஒரு நூலைப் பயன்கொள்ளும் வடிவிற்கு மாற்றுதல் உரிமை மீறல் ஆகாது என்றாயிற்று. 2013இல் மராக்கேசில் உருவான உலக உடன்படிக்கைக்கு 2014இல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியாவே. ஆகவே ஒரு பல்கலைக்கழக நூலகம் தன் பார்வையற்ற மாணவர்க்காக ஒரு நூலை ஒருங்குறியாக்குதற்குச் சட்டம் இன்று தடையன்று, துணையே.

நீதிமன்றத்தின் கருத்தும் இதனோடு ஒத்துள்ளது. அணுகத்தக்க நிலைக்குரிய நெறிகள் விருப்பத்திற்கு விடப்பட்ட அறிவுரைகளாக இருத்தல் போதாது, கட்டாய விதிகளும் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் நாள் தீர்ப்பளித்தது. மின்னணுவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் அறிவித்தது. எனினும் சட்டம் விதிக்கலாமேயன்றி ஒப்புநோக்கவும் புள்ளியிடவும் சொற்பிரிக்கவும் அறியாது. அவை நம் துறையின் கடமை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒரு தொடர்ச்சி புலனாகும். அந்தகக்கவியின் முதுகில் எழுதியதும், ஆவியின் புடைப்பெழுத்தும், வரிவடிவக் குறிமுறையும், பக்கப் படமும் ஓரினம். அவை எழுத்தின் உருவைப் பற்றி நின்றன. பிரெயிலின் புள்ளியும், ஒலிமுறையில் அமைந்த ஒருங்குறியும் மற்றோரினம். அவை எழுத்தையே பற்றின. முதலினம் கண்ணுடையார் துணையை என்றும் வேண்டிற்று. இரண்டாமினம் கற்பவரைத் தம் காலில் நிற்கச் செய்தது. எழுத்து ஒலியே என்னும் நம் இலக்கண மரபின் கொள்கை, பார்வையற்றார் கல்வியில் மெய்ப்பிக்கப்பட்டு நிற்கிறது.

இதனின்றும் சில கடமைகள் எழுகின்றன. ஆய்வேடுகளை ஒருங்குறியில் எழுதி, படமாக்காமல் எழுத்தாகவே களஞ்சியத்துள் சேர்த்தல் வேண்டும். இயல், பகுதி என்னும் தலைப்புக்களைப் பெரிய எழுத்தால் மட்டும் காட்டாது, கணிப்பொறி தலைப்பென உணருமாறு அமைத்தல் வேண்டும். அதனால் கேட்பவர் வேண்டிய இயலுக்கு நேரே செல்லலாம். சிற்பம், படி, வரைபடம் ஆகியவற்றுக்கு அவை காட்டுவதைச் சொற்களால் விளக்கும் குறிப்பு வேண்டும். செய்யுட்பதிப்பில் சொற்பிரித்த பாடமும் இடம்பெறல் வேண்டும். கல்வெட்டுத் தொகுதிகளை ஒருங்குறியாக்கும் பணியை முதுகலை மாணவர்க்குப் பயிற்சியாகவே தரலாம்; அவர் படித்தலையும் பதிப்பித்தலையும் ஒருங்கே கற்பர். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தொடக்கத்திலேயே எண்ணிச் செய்தல் ஒன்றே வேண்டுவது.

பிரபுடதேவராயன் கதையில் கண்ணை மீட்கும் மலரைத் தேடி ஒருவர் விண்ணுலகம் சென்றார். நாம் அவ்வளவு தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருவண்ணாமலைக் கோயிலின் மேற்றளத்தில் அமர்ந்து, தன் செவியில் ஒலிக்கும் குரல்வழியே, எதிர்ச்சுவரில் உள்ள கொடையையும் நிலத்தையும் ஊர்ப்பெயரையும் ஒரு பார்வையற்ற மாணவர் தாமே படித்து, நாம் கண்ட பாடத்தில் பிழையிருப்பின் அதனை எடுத்துக்காட்டும் நாள் வருதல் வேண்டும். அந்நாளில் பயன்பெறுவார் அவர் மட்டுமல்லர். அக்கல்வெட்டும் இன்னொரு நல்லறிஞரைப் பெறும்.